சேரிங் கிராஸ் முதல் நோத்ர் தாம் வரை: 47 நிமிடப் பறப்பும் ஆறு மணி இருபது நிமிடப் பயணமும்

முதல் நாள்: ஹவுன்ஸ்லோ

பாரிஸுக்குப் போய் வரலாம் என்று முடிவானதும் அது எவ்வளவு தூரம் என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். "ஒன்றேகால் மணி நேரம்தான், மாமா" என்றார். தூரத்தைக் கேட்டால் நேரத்தைச் சொல்வது நமக்கும் பழகியதுதான். தாம்பரத்தில் நின்றுகொண்டு செங்கல்பட்டு எவ்வளவு தூரம் என்று கேட்டால் யாரும் கிலோமீட்டரில் பதில் சொல்வதில்லை. ஆனால் முப்பத்தோராண்டுகள் நில அளவைத் துறையில் சங்கிலியோடும் கோணம் அளக்கும் தியோடலைட்டோடும் வயல்வரப்புகளில் அலைந்தவனுக்கு அந்தப் பதில் போதவில்லை. கைப்பேசியில் தேடினேன். 344 கிலோமீட்டர் என்று ஓரிடத்திலும், 348 என்று இன்னோரிடத்திலும், ஏறத்தாழ 460 என்று மூன்றாவதாகவும், 492 என்று நான்காவதாகவும் வந்தது. மகள் எடுத்துக் கொடுத்த விமானச் சீட்டு அதற்கு மேல் ஒரு படி போனது. காலை 9.20-க்குப் புறப்பட்டு 11.40-க்குச் சேரும் என்று அதில் அச்சாகியிருந்தது. ஒன்றேகால் மணி எப்படி இரண்டு மணி இருபது நிமிடம் ஆயிற்று?

உட்கார்ந்து பார்த்தபோது எதுவும் தவறில்லை என்று தெரிந்தது. 344 என்பது நகர மையத்திலிருந்து நகர மையத்துக்குப் பூமியின் வளைவை ஒட்டிப் போகும் மிகக் குறுகிய கோட்டின் நீளம். 348 என்பது ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து பாரிஸின் சார்ல் தெ கோல் விமான நிலையம் வரை. 460 என்பது காரை ரயிலில் ஏற்றிக் கடலடிச் சுரங்கத்தைக் கடக்கும் சாலை வழி. 492 என்பது யூரோஸ்டார் ரயில் ஓடும் தண்டவாளத்தின் நீளம். விமானச் சீட்டில் இருந்த இரண்டு மணி இருபது நிமிடத்தில் ஒரு மணி நேரம் கடிகார வித்தியாசம். புறப்பாடு லண்டன் நேரத்திலும் சேர்தல் பாரிஸ் நேரத்திலும் அச்சாகியிருந்தன. திரும்பும் விமானத்துக்கு இதே கணக்கைப் போட்டால் இருபது நிமிடத்தில் லண்டன் வந்துவிடலாம் போலத் தோன்றும்.

எதை அளப்பதானாலும் முதலில் இரண்டு முனைகளிலும் கல் நட வேண்டும். லண்டனுக்கு அந்தக் கல், டிரஃபால்கர் சதுக்கத்தின் தென்புறம் சேரிங் கிராஸில் குதிரைமேல் வீற்றிருக்கும் முதலாம் சார்லஸ் மன்னரின் சிலை. லண்டனிலிருந்து பிற ஊர்களுக்குள்ள மைல் தூரங்கள் அங்கிருந்தே கணக்கிடப்படுகின்றன என்று அதன் அருகில் தரையில் பதித்த தகடு சொல்கிறது. பாரிஸுக்கு, நோத்ர் தாம் பேராலயத்தின் முன்வெளியில் பதித்திருக்கும் வெண்கலத் தட்டு. பிரான்ஸின் சாலைகளுக்கெல்லாம் அதுவே பூஜ்யம். போகும்போது விமானம், வரும்போது ரயில், இரண்டு முறையும் சிலையிலிருந்து தட்டு வரை கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். மகளுடைய வீடு இருக்கும் ஹவுன்ஸ்லோவிலிருந்து ஹீத்ரோ நான்கைந்து நிறுத்தம்தான். அதை விட்டுவிட்டு விடியற்காலையில் நகருக்குப் போய் அங்கிருந்து மறுபடி இதே வழியாக விமான நிலையத்துக்குப் போகப் போகிறேன் என்றதும் மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மாலையில் ஒரு வேலை பாக்கியிருந்தது. ஹீத்ரோவின் வடக்குச் சுற்றுச்சாலையை ஒட்டி, நிலத்தில் செங்குத்தாகப் புதைந்து நிற்கும் ஒரு பழைய பீரங்கியைப் பார்க்கப் பேருந்தில் போனேன். கார் நிறுத்தங்களுக்கும் விமான நிலைய வேலிக்கும் இடையே இருக்கும் அதைத் தேடிக்கொண்டு வருபவர் குறைவு என்று புல்லின் உயரமே சொன்னது. லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையிலான தூரத்தை முதன்முதலாக ஒழுங்காக அளக்கத் தொடங்கிய இடம் இது.

1783-இல் பாரிஸிலிருந்து கசினி தெ தூரி என்ற வானியலாளர் ஆங்கில அரசுக்கு ஒரு குறிப்பை அனுப்பினார். கிரீன்விச் வானாய்வகம் இருக்கும் இடம் சரியாகத் தெரியவில்லை, அட்சரேகையில் மட்டும் பதினைந்து விகலை அளவுக்குச் சந்தேகம் இருக்கிறது, கிரீன்விச், பாரிஸ் என்ற இரு வானாய்வகங்களையும் முக்கோண அளவையால் (ஒரு கோட்டை மட்டும் தரையில் அளந்து, மற்ற தூரங்களைக் கோணங்களிலிருந்து கணக்கிடும் முறை) இணைத்துப் பார்த்துவிடலாம் என்பது அதன் சாரம். பதினைந்து விகலை என்றால் தரையில் சுமார் 460 மீட்டர். ஆங்கிலேய வானியலாளர்களுக்கு இது கசந்தது என்றாலும் வேலை தொடங்கியது. ராணுவப் பொறியாளர் வில்லியம் ராய் 1784 கோடையில் ஹவுன்ஸ்லோ மேய்ச்சல் வெளியில், இந்த இடத்திலிருந்து ஹாம்ப்டன் வரை, எங்கள் துறையில் பேஸ்லைன் என்று சொல்லும் ஆதாரக் கோட்டை அளந்தார். முதலில் தேவதாரு மரக்கோல்களை வைத்து அளந்தார்கள்; மழை ஈரத்தில் கோல்கள் நீண்டன. பிறகு இருபதடி நீளக் கண்ணாடிக் குழாய்களைச் செய்து மறுபடி அளந்தார்கள். கிடைத்த நீளம் 27,404 அடி, அதாவது எட்டு கிலோமீட்டரும் சொச்சமும். முனைகளைக் குறித்த மரக் குழாய்கள் உளுத்துப்போனதால் 1791-இல் இரு பீரங்கிகளைப் புதைத்தார்கள். இந்தப் பக்கத்துப் பீரங்கி, விமான நிலையம் கட்டிய காலத்தில் பிடுங்கப்பட்டுப் பின்னர் மீண்டும் நடப்பட்டது.

அதன் பக்கத்தில் நின்றபோது எனக்குப் பரங்கிமலை நினைவு வந்தது. வராமல் இருந்தால்தான் வியப்பு, என் வீடு நங்கநல்லூரில் இருக்கிறது. ராய் தொடங்கிய அதே முறையில்தான் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி பரங்கிமலைக்கு அருகில் ஏழரை மைல் ஆதாரக் கோட்டை அளக்கத் தொடங்கினார்; இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை அங்கிருந்து புறப்பட்டது. ராய்க்குத் தியோடலைட் செய்து கொடுத்த ஜெஸ்ஸி ராம்ஸ்டனின் பட்டறையில் உருவான எஃகுச் சங்கிலியே லாம்டனிடமும் இருந்தது. அங்கே மலையடியில் மீனம்பாக்கம், இங்கே பீரங்கிக்குப் பின்னால் ஹீத்ரோ. கோடு போடச் சமதரை தேடியவர்களுக்கும் ஓடுபாதை போடச் சமதரை தேடியவர்களுக்கும் ஒரே நிலம் பிடித்துப் போயிருக்கிறது.

இரண்டாம் நாள்: ஆகாய வழி

காலை 6.10. சார்லஸ் மன்னர் சிலையடி. தெருவைக் கழுவும் வண்டியைத் தவிர வேறு நடமாட்டம் இல்லை. குறிப்பேட்டில் நேரத்தை எழுதிவிட்டு லெஸ்டர் சதுக்கத்துக்கு நடந்து சுரங்க ரயிலின் பிக்காடில்லி தடத்தில் 6.22 வண்டியைப் பிடித்தேன். 7.03-க்கு எங்கள் ஹவுன்ஸ்லோ நிலையம் வந்து போயிற்று. கையில் பையோடு அதை வெறுமனே கடந்தபோது, மகள் தலையில் அடித்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது என்று தோன்றியது. 7.16-க்கு ஹீத்ரோ.

பாதுகாப்புச் சோதனையில் என் பையைத் தனியே எடுத்து வைத்தார்கள். உள்ளே ஐந்து மீட்டர் எஃகு அளவுநாடா. ஓய்வு பெற்ற பிறகும் அது பையை விட்டுப் போகவில்லை. அதிகாரி நாடாவை ஓரடி இழுத்துப் பார்த்து, அது சடக்கென்று சுருண்டு உள்ளே போவதை இரண்டு முறை ரசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதன்பின் ஒரு மணி நேரத்துக்கு மேல் கடைகளுக்கு நடுவே காத்திருப்பு, எழுத ஒன்றுமில்லை.

9.14-க்குக் கதவை மூடினார்கள். 9.22-க்கு விமானம் பின்னோக்கி நகர்ந்தது. சீட்டில் அச்சாகும் பறப்பு நேரத்தை விமானத் துறையில் பிளாக் டைம் என்கிறார்கள். நிறுத்துமிடத்தில் நகரத் தொடங்கிய நொடியிலிருந்து, போய்ச் சேரும் நிலையத்தின் நிறுத்துமிடத்தில் நிற்கும் நொடி வரை அது கணக்கு. ஆகாயத்தில் இருக்கும் நேரம் அதில் ஒரு பகுதிதான். நாங்கள் வரிசையில் ஊர்ந்து ஊர்ந்து ஓடுபாதை முனைக்கு வந்து சக்கரம் தரையை விட்டபோது மணி 9.44.

பாரிஸ் இருப்பது லண்டனுக்குத் தென்கிழக்கே. விமானம் எழும்பியதோ மேற்கு நோக்கி. இங்கே பெரும்பாலான நாட்களில் காற்று மேற்கிலிருந்து வீசுவதாலும், எதிர்க்காற்றில் எழும்புவதே விமானத்துக்கு உகந்தது என்பதாலும், பாரிஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பயணம் தொடங்குகிறது. பிறகு இடப்பக்கம் சாய்ந்து, ஒரு பெரிய வளைவு போட்டுத் தெற்கே திரும்புகிறது. சார்ல் தெ கோல் நிலையத்தின் ஓடுபாதைகளும் கிழக்கு மேற்காகவே கிடப்பதால் அங்கேயும் இதே கதை. நகரைத் தாண்டிக் கிழக்கே போய்ச் சுற்றிக்கொண்டு மேற்கு நோக்கி இறங்கினோம். 348 கிலோமீட்டர் என்ற நேர்கோட்டில் எந்த விமானமும் பறப்பதில்லை.

நடுவில் ஆங்கிலக் கால்வாய் என்னும் கடல். ஆங்கிலக் கரையின் வெளிர்ந்த விளிம்பு இறக்கைக்குக் கீழே நழுவியதும் கடிகாரத்தைப் பார்த்தேன்; பிரெஞ்சுக் கரை வந்தபோது மறுபடி பார்த்தேன். எட்டு நிமிடம். பணிப்பெண் கொடுத்த தேநீர் ஆறி, குடிக்கும் சூட்டுக்கு வருவதற்குள் கடல் முடிந்துவிட்டது. இதே கால்வாயின் குறுக்கே 1787 இலையுதிர் காலத்தில் ராயின் ஆட்கள் டோவரிலும் ஃபேர்லைட் குன்றிலும் தியோடலைட்டை நிறுத்தி, எதிர்க்கரையில் கொளுத்திய வெள்ளை மருந்து விளக்கின் ஒளி தெரிகிறதா என்று இரவிரவாகக் காத்திருந்தார்கள். மூடுபனி இருந்தால் மறுநாள். அந்தத் தியோடலைட்டைச் செய்து முடிக்க ராம்ஸ்டன் மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். ராய் பொறுமையிழந்து அவரை எழுத்திலேயே திட்டியிருக்கிறார். கருவி வருமென்று காத்திருந்த அனுபவம் எங்கள் அலுவலகத்திலும் உண்டு. நாங்கள் எழுத்தில் வைப்பதில்லை.

சக்கரம் தரையைத் தொட்டபோது லண்டன் நேரம் 10.31. ஆகாயத்தில் இருந்தது 47 நிமிடம். விமானம் நின்றது 10.46-க்கு, பிளாக் டைம் 84 நிமிடம் என்று குறித்துக்கொண்டேன். கடவுச்சீட்டு வரிசை நீளம். பிரிட்டன் விசா வேறு, பிரான்ஸுக்கு வேண்டிய ஷெங்கன் விசா வேறு என்பதால் நம்மவர்களுக்கு இரண்டும் வேண்டும். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற குடும்பத்துக்கு இதை விளக்கவே அந்தச் சாளரத்தில் ஐந்து நிமிடம் போயிற்று. பிறகு ஆர்.இ.ஆர் பி என்ற புறநகர்த் தட ரயில். வழியில் லெ பூர்ஜெ என்ற பெயர்ப்பலகையை வண்டி நிற்காமல் கடந்தது. 1919 ஆகஸ்ட் 25 அன்று ஹவுன்ஸ்லோ வெளியிலிருந்து கிளம்பிய விமானம், ஒற்றைப் பயணியோடும் செய்தித்தாள் கட்டோடும் சில தின்பண்டங்களோடும் இறங்கிய ஊர் அது. லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே தினசரி விமான சேவை அன்று தொடங்கியது. பறக்க ஆன நேரம் சுமார் இரண்டரை மணி. ஆதாரக் கோடு போட்ட அதே வெளியிலிருந்துதான் அதுவும் புறப்பட்டது என்பதை மகளுக்குச் செய்தி அனுப்பினேன். சாப்பிட்டீர்களா என்று பதில் வந்தது.

சேன் மிஷேல் நிலையத்தில் இறங்கி ஆற்றைக் கடந்து நடந்தேன். 2019 தீயில் கூரை எரிந்து, 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த பேராலயத்தின் முன்னால் பாம்பு போல வரிசை நின்றது. வெண்கலத் தட்டைக் கண்டுபிடித்தபோது அதன்மேல் ஒரு சிறுமி ஒற்றைக் காலில் சுழன்றுகொண்டிருந்தாள்; இந்த ஊருக்குத் திரும்ப வர வேண்டுமென்றால் அதன்மேல் நின்று சுற்ற வேண்டும் என்று ஒரு நம்பிக்கை. அவள் முடித்ததும் நான் நின்றேன். லண்டன் நேரம் 12.30. ஆறு மணி இருபது நிமிடம். அதில் எட்டில் ஒரு பங்குதான் ஆகாயத்தில் கழிந்தது. 344 கிலோமீட்டரை அந்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு 54 கிலோமீட்டர் வருகிறது. திண்டிவனம் போகும் அரசுப் பேருந்து இதைவிட மோசமில்லை.

மூன்றாம் நாள்: தீர்க்கரேகை

பாரிஸ் வானாய்வகம் 1667-இல் நிறுவப்பட்டது. கட்டடத்தின் நடுவே ஓடும் வடதெற்குக் கோடு பாரிஸின் தீர்க்கரேகை. அதன் தெற்குச் சுவரே பாரிஸின் அட்சரேகை. ராயின் முக்கோணங்கள் கடலைத் தாண்டி வந்து சேர வேண்டிய முனை இதுதான். உள்ளே போகும் வாய்ப்பு அன்று இல்லை. வாயிற்கம்பி வழியாகப் பார்த்ததோடு சரி.

ஆனால் கோடு தெருவிலும் ஓடுகிறது. இங்கே இயக்குநராக இருந்த பிரான்சுவா அரகோவின் நினைவாக, யான் டிபெட்ஸ் என்ற டச்சுக் கலைஞர் 1994-இல் நகரின் வடக்கிலிருந்து தெற்கு வரை 135 வெண்கல வில்லைகளைத் தரையில் பதித்தார். ஒவ்வொன்றிலும் அரகோவின் பெயரும் வட தென் திசைக் குறியும் உண்டு. அரகோ பெருஞ்சாலையோரத்தில் அவருடைய சிலை நின்ற பீடம் மட்டும் இருக்கிறது. ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் வெண்கலத்துக்காகச் சிலையை உருக்கிவிட்டார்கள். வெறும் பீடத்திலிருந்து லக்சம்பர்க் பூங்கா வரை தரையைப் பார்த்தபடி நடந்ததில் எனக்கு ஏழு வில்லைகள் அகப்பட்டன. ஒன்றில் குந்தி அளவுநாடாவை வைத்துப் பார்த்தேன். விட்டம் 12 சென்டிமீட்டர். காலணி தேய்த்துத் தேய்த்து நடு எழுத்துகள் மழுங்கியிருந்தன. ஓரத்து எழுத்துகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்த முதியவர் நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று எண்ணித் தானும் தேடத் தொடங்கினார்.

நான் நாடாவில் படித்த சென்டிமீட்டரே இந்தக் கோட்டில் பிறந்ததுதான். 1792 முதல் 1798 வரை டன்கர்க்கிலிருந்து பார்சிலோனா வரை இந்தத் தீர்க்கரேகையை ஒட்டி டெலாம்பர், மெஷேன் என்ற பிரெஞ்சு வானியலாளர்கள் அளந்துதான் மீட்டருக்கு நீளம் நிர்ணயித்தார்கள். வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு. 1787-இல் ராயோடு பேச டோவருக்குக் கடல் கடந்து வந்த மூவரில் இந்த மெஷேனும் ஒருவர். ஆக, 344 கிலோமீட்டர் என்று நான் கைப்பேசியில் படித்த அளவு, தூரத்தை அளந்தவர்களில் ஒருவரே பிறகு செய்து கொடுத்த அலகில் இருக்கிறது. கால்வாயின் அந்தப் பக்கத்துச் சாலைப் பலகைகளில் இன்றும் மைல்தான்.

கடிகார விவகாரமும் இங்கேதான் அவிழ்கிறது. இந்த வானாய்வகத்துக்கும் கிரீன்விச்சுக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் 2 பாகை 20 கலை. சூரியன் அதைக் கடக்க 9 நிமிடம் 21 நொடி எடுக்கும். 1911-இல் உலகத்தோடு ஒத்துப்போக பிரான்ஸ் சட்டம் இயற்றியபோது கிரீன்விச் என்ற சொல்லை எழுத மனம் வரவில்லை. பாரிஸ் சராசரி நேரத்தில் 9 நிமிடம் 21 நொடி குறைத்து வருவதே சட்டபூர்வ நேரம் என்று எழுதிவிட்டார்கள். பிறகு 1940-இல் ஆக்கிரமிப்பு வந்தபோது கடிகாரங்கள் ஜெர்மானிய நேரத்துக்குத் தள்ளப்பட்டன. போர் முடிந்தும் பிரான்ஸ் அந்த வட்டாரத்திலேயே நின்றுவிட்டது. சூரியனைக் கேட்டால் ஒன்பது நிமிடம், சீட்டைக் கேட்டால் ஒரு மணி நேரம்.

இரவுச் சாப்பாட்டுக்கு லாச்சப்பல் போனேன். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருக்கள், லண்டன் ரயில்கள் வந்து நிற்கும் கார் து நோர் நிலையத்துக்கு நடை தூரம். இடியப்பத்தைப் பரிமாறியபடி கடைக்காரர் கேட்டார்: "விமானத்திலயோ ரயிலிலயோ வந்தனீங்கள்?" விமானம் என்றேன். "ஸ்டேஷன் பக்கத்தில கிடக்கேக்க என்னத்துக்கு விமானம்?" என்று சொதியை ஊற்றிவிட்டுப் போய்விட்டார். நான் குறிப்பேட்டை எடுத்துக் காட்டவில்லை.

நான்காம் நாள்: நிலமும் கடலடியும்

பாரிஸ் நேரம் 9.10. வெண்கலத் தட்டு. ஆர்.இ.ஆர் பி தடத்தில் இரண்டாவது நிறுத்தமே கார் து நோர், 9.32-க்கு உள்ளே இருந்தேன். பிரெஞ்சுச் சோதனையும் பிரிட்டன் சோதனையும் அங்கேயே அடுத்தடுத்து நடந்துவிடுவதால் மறுமுனையில் வரிசை கிடையாது. அளவுநாடா இம்முறை யாருடைய கண்ணிலும் படவில்லை.

11.12-க்குப் புறப்பட்ட வண்டி நகரைத் தாண்டியதும் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தொட்டது. வயல், காற்றாலை, வயல், தேவாலயக் கூரை, வயல். சுரங்க முகப்பு வரை 333 கிலோமீட்டரை 84 நிமிடத்தில் முடித்தது. 1994 மே 6 அன்று திறந்த கடலடிச் சுரங்கம் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். அதில் 38 கிலோமீட்டர் அளவுக்குக் கடலுக்கு அடியில் போகிறது. உள்ளே வேகம் 160-க்கு இறங்கியது. காது லேசாக அடைத்துக்கொண்டதைத் தவிர கடல் இருப்பதற்கு ஓர் அறிகுறியும் இல்லை; கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. 21 நிமிடத்தில் வெளிச்சம். தொடக்க ஆண்டுகளில் ரயில் இங்கே வந்ததும் கெண்ட் மாவட்டத்தின் பழைய தண்டவாளங்களில் உள்ளூர் வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் வாட்டர்லூ போகும். மொத்தம் மூன்று மணி நேரம் ஆகும். புதுத்தடம் முழுமையாகி 2007 நவம்பர் 14-இல் செயின்ட் பாங்கிராஸுக்கு மாறிய பிறகுதான் இரண்டேகால் மணி என்றானது. நேர்கோட்டை விட 148 கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு ஓடும் வண்டி இது.

லண்டன் நேரம் 12.30-க்குச் செயின்ட் பாங்கிராஸ். வண்டிக்குள் இருந்தது இரண்டு மணி 18 நிமிடம். நேராக வெளியே நடந்து, பிக்காடில்லி தடத்தில் லெஸ்டர் சதுக்கம், அங்கிருந்து கூட்டத்தை விலக்கி நடை. மன்னரின் குதிரையடிக்கு வந்தபோது என் கைக்கடிகாரத்தில் 2.02, அது இன்னும் பாரிஸ் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. புறப்பட்டதிலிருந்து நான்கு மணி 52 நிமிடம், விமானத்தை விட ஒரு மணி 28 நிமிடம் குறைவு. ஹவுன்ஸ்லோவிலிருந்தே நேராக ஹீத்ரோ போயிருந்தால் கணக்கு வேறாகியிருக்கும் என்று மாப்பிள்ளை சொல்வார். அதுவும் சரிதான், அது வேறு முனை. குறிப்பேட்டில் இரண்டு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கோடிட்டேன். பிறகு தகட்டின்மேல் நின்றபடியே கடிகாரத்தின் திருகை இழுத்து முள்ளை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தேன்.